மன்னிக்க வேண்டியது யார்? ஒரு பூனைத் தொடரின் முன்கதையும் எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளும்

ஆறு புத்தகங்கள் கொண்ட ஒரு முன்கதை வரிசையை எங்கள் வாசிகசாலைப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் நான்காம் புத்தகத்தோடு நிறுத்திவிட்டார்கள். அதே தொடரின் மற்றப் புத்தகங்களை பஸ்ஸுக்குள் நின்றுகொண்டே வாசித்த பிள்ளைகள்தான் இவர்கள். இங்கே மட்டும் ஏன் நின்றார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்னதைக் கொப்பியில் எழுதிவைத்து, புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துத் திரும்ப வாசித்து எழுதியது இது. இடம், யாழ்ப்பாணம் வலிகாமத்தில் ஒரு கிராமத்துச் சனசமூக நிலையம். சனிக்கிழமை பின்னேரங்களில் அங்கே பிள்ளைகளின் வாசிப்பு வட்டத்தை நான் நடத்துகிறேன்.

தொடரைப் பற்றி

'வொரியர்ஸ்' என்ற ஆங்கிலத் தொடர் 2003இல் 'இன்டு த வைல்ட்' என்ற புத்தகத்தோடு தொடங்கியது. வீட்டுப் பூனையாக இருந்த ரஸ்டி காட்டுக்குள் போய் ஒரு குலத்தில் சேர்கிறது. காட்டில் நான்கு குலங்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லை, தலைவர், மருத்துவப் பூனை. எல்லாருக்கும் பொதுவாக ஒரு வீரர் நெறி. இறந்த மூதாதையர் விண்மீன்களாக நின்று வழிகாட்டுவார்கள், தலைவராகிறவருக்கு ஒன்பது உயிர் கொடுப்பார்கள். எழுதியவர் எரின் ஹன்டர் என்று அட்டையில் இருக்கும். அது ஓர் ஆளின் பெயர் இல்லை. கேட் கேரி, செரித் போல்ட்ரி, விக்டோரியா ஹோம்ஸ் என்று பலர் சேர்ந்து வைத்துக்கொண்ட கூட்டுப் பெயர். முன்னுக்குப் பின் முரணாக வரும் சில இடங்களுக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். பல கைகள் பல வருடங்களாகப் பின்னிய பாயில் ஓலை எங்காவது விலகத்தான் செய்யும்.

2013இலிருந்து 2015வரை இந்தத் தொடருக்கு 'டோன் ஒஃப் த கிளான்ஸ்' என்ற முன்கதை வரிசை வந்தது. குலங்கள் எப்படித் தோன்றின என்பதுதான் கதை. மலையில் ஒரு குகையில் பட்டினி கிடக்கும் பூனைகள். அவர்களின் குருவான ஸ்டோன்டெல்லருக்கு வேறோர் இடத்துக்கான வழி தெரிகிறது. சிலர் புறப்படுகிறார்கள், சிலர் நிற்கிறார்கள். புறப்பட்டவர்களில் மூன்று சகோதரர்கள். மூத்த இருவர் கிளியர் ஸ்கையும் கிறே விங்கும், இளையவன் ஜாகிட் பீக். கீழே வந்து சேர்ந்த பிறகு கிளியர் ஸ்கை காட்டையும் கிறே விங் புல்வெளியையும் பிடிக்கிறார்கள். அங்கிருந்து எல்லைச் சண்டை, தீ, போர், நோய். கடைசியில் ஐந்து குலங்கள்.

புத்தகங்கள் எங்களிடம் வந்த விதம் இந்த ஆய்வுக்கு முக்கியம். ரொறன்ரோவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு குடும்பம், தங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள் என்று பெட்டியோடு தந்துவிட்டுப் போனது. அதற்குள் முதல் வரிசையின் ஆறு புத்தகங்களும் முன்கதையின் ஆறு புத்தகங்களும் கலந்து கிடந்தன. அட்டையைப் பார்த்து ஆளுக்கு ஒன்றை எடுத்தார்கள். அதனால் யாரும் திட்டமிடாமலே இரண்டு கூட்டம் உண்டானது. 2003இலிருந்து வந்த ஒழுங்கில் வாசித்தவர்கள் ஒரு பக்கம், முன்கதையில் தொடங்கியவர்கள் மறுபக்கம். இரண்டு கூட்டமும் நிறுத்தியது கிட்டத்தட்ட ஒரே இடத்தில். சொன்ன காரணங்கள் மட்டும் முதலில் வேறு வேறாக இருந்தன.

முதலில் சொன்ன குறைகள்

ஒழுங்கில் வாசித்தவர்கள் எடுத்தவுடன் சொன்னது, "முடிவு தெரிஞ்ச கதைதானே அக்கா." தண்டர் என்ற பூனை தண்டர்கிளானின் தலைவராகும், விண்ட் ரன்னர் விண்ட்கிளானை ஆளும் என்பது முதல் பக்கத்திலேயே தெரிகிறதாம். யார் சாகமாட்டார்கள் என்று தெரிந்த சண்டையை எப்படிப் பதறிக்கொண்டு வாசிப்பது?

அடுத்தது முரண். 2007இல் வந்த 'சீக்ரெட்ஸ் ஒஃப் த கிளான்ஸ்' என்ற வழிகாட்டிப் புத்தகத்தில் குலங்கள் தோன்றிய கதை சில பக்கங்களில் ஒரு புராணம்போல் சொல்லப்பட்டிருக்கிறது. அங்கே தண்டர், விண்ட், றிவர், ஷாடோ என்று நால்வர்தான். அதே வருடம் வந்த 'ஃபயர்ஸ்டார்ஸ் குவெஸ்ட்' நாவலில்தான் ஐந்தாவதாக ஸ்கைகிளான் என்று ஒன்று இருந்ததும், மற்றக் குலங்கள் அதைக் காட்டை விட்டுத் துரத்தியதும் வெளிவருகின்றன. முன்கதை இரண்டையும் ஒட்டவைக்கப் பார்க்கிறது. ஒட்டு தெரிகிறது என்றார்கள் பிள்ளைகள். உயர்தரம் படிக்கும் ஒருவர் இதை ஒரு பெரிய அட்டவணையாகவே வரைந்து கொண்டுவந்தார். அந்த உழைப்பை மதிக்கிறேன். ஆனால் இந்தக் குறையை நான் பெரிதாக எடுக்கவில்லை. குலத்தின் தோற்றக் கதையைக் குலத்தாரே சொல்லும்போது துரத்தப்பட்டவர்களை விட்டுவிட்டுச் சொல்வார்கள். அது எழுத்துப் பிழையாக இல்லாமல் குலத்தாரின் மறதியாகவும் இருக்கலாம்.

மூன்றாவது, மர்மம் போய்விட்டது என்பது. இதில் உண்மை உண்டு. முதல் வரிசையின் கடைசிப் புத்தகமான 'த டார்க்கெஸ்ட் அவர்' 2004இல் வந்தது. அதில் ரஸ்டி ஃபயர்ஸ்டார் என்ற தலைவனாகி ஒன்பது உயிர் பெறும் இடத்தைப் பிள்ளைகள் சத்தமாக வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். இறந்தவர்கள் ஒவ்வொருவராக முன்னே வந்து ஒவ்வோர் உயிரைக் கொடுக்கிறார்கள், ஒவ்வொன்றும் நோகிறது. இது எந்தக் காலத்தில் யார் தொடக்கிய வழக்கம் என்று அங்கே ஒருவரும் சொல்வதில்லை. சொல்லாததால்தான் அது பழசாக, பெரிதாக நிற்கிறது. முன்கதையின் ஆறாம் புத்தகமான 'பாத் ஒஃப் ஸ்டார்ஸ்' அந்த முதல் தடவையைக் கண்முன்னே நடத்திக் காட்டுகிறது. நடத்திக் காட்டியதும் அது ஒரு நாளில் நடந்த சம்பவம் ஆகிவிடுகிறது. நல்லூர்த் தேர் ஏன் அந்த வீதியால் போகிறது என்று பிள்ளைகளுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்காமலே அது அவர்களுக்குத் தேர்தான்.

சரி, இவ்வளவும் ஒரு கூட்டத்தின் குறைகள். முன்கதையில் தொடங்கிய பிள்ளைகளுக்கு முடிவு தெரியாது, மர்மம் என்று ஒன்று இருந்ததும் தெரியாது, 2007 புத்தகத்தைப் பார்த்ததும் இல்லை. அவர்களும்தான் நின்றார்கள். அப்படியென்றால் காரணம் வேறெங்கோ இருக்கிறது.

கிளியர் ஸ்கையின் கணக்கு

மூன்றாம் புத்தகம் 'த ஃபர்ஸ்ட் பட்டில்'. திரும்பி வந்த பிரதியைப் புரட்டியபோது ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: "இவன் மன்னிப்புக் கேட்டவனோ?" புத்தகத்தில் எழுதக்கூடாது என்பது எங்கள் வாசிகசாலையின் முதல் சட்டம். எழுதிய பிள்ளை யாரென்று நான் தேடவில்லை. அழிக்கவும் இல்லை. இந்த ஆய்வுக்கு அதைவிட நேரான கேள்வி கிடைக்காது.

அந்தப் பக்கத்தில் கிளியர் ஸ்கை ரெயின்ஸ்வெப்ட் ஃபிளவர் என்ற பூனையைக் கொன்றிருக்கிறான். மலையிலிருந்து அவனோடு கூட நடந்து வந்தவள் அவள். அதற்கு முந்திய கணக்கும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரத்தால் விழுந்து கால் முறிந்த தம்பி ஜாகிட் பீக்கை, இனி வேட்டையாட உதவான் என்று துரத்திவிட்டவன். தன்னுடையது என்று அவன் சொன்ன நிலத்தில் இருந்த மிஸ்டி என்ற தாய்ப் பூனையைக் கொன்றவன். பிறகுதான் அவளுடைய குட்டிகள் கிடைக்கின்றன. தன் சொந்த மகன் தண்டரை, தாய் ஸ்டோர்ம் இடிந்த கட்டடத்துக்குள் செத்த கையோடு, வேண்டாம் என்று திருப்பி அனுப்பியவன். தண்டரை வளர்த்தது கிறே விங்.

நான்கு பெரிய மரங்களுக்குக் கீழே அந்தப் போர் நடக்கிறது. சேர்ந்து வந்தவர்களே ஒருவரையொருவர் கொல்கிறார்கள். ஜாக்டோஸ் கிறை, ஃபோலிங் ஃபெதர் என்ற அண்ணனும் தங்கையும் எதிரெதிர்ப் பக்கத்தில் நின்று சாகிறார்கள். அன்று இரவே இறந்தவர்களின் ஆவிகள் வந்து, இனி ஒன்றுபடுங்கள் என்கின்றன. கிளியர் ஸ்கை வருந்துகிறான். அவன் வருத்தம் பொய் என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகளும் சொல்லவில்லை. அவர்கள் கேட்டது, அதற்குப் பிறகு என்ன என்பது.

அதற்குப் பிறகு நான்காம் புத்தகம், 'த பிளேசிங் ஸ்டார்'. வன் ஐ என்ற கொடுமைக்காரன் ஒருவன் வெளியிலிருந்து வந்து கிளியர் ஸ்கையின் இருப்பிடத்தைப் பறிக்கிறான். எல்லாரும் சேர்ந்து கிளியர் ஸ்கைக்காகப் போராட வேண்டியதாகிறது. அதாவது, முதல் புத்தகத்திலிருந்து தீங்கு செய்தவன் ஒரே மூச்சில் பாதிக்கப்பட்டவனாக மாறிவிடுகிறான். வெளியே இன்னும் பெரிய கெட்டவன் வந்துவிட்டதால் உள்ளே இருந்த கேள்வியை ஒத்திவைக்கலாம். இது எழுதுகிறவருக்கு வசதியான வழி. பிந்திய புத்தகங்களில் ஸ்லாஷ் என்ற இன்னொரு கெட்டவன் வந்து இதையே திரும்பச் செய்கிறான். பிறகு கிளியர் ஸ்கை ஸ்கைஸ்டார் ஆகிறான், ஒன்பது உயிரும் கிடைக்கிறது.

தரம் 9 படிக்கும் ஒரு பிள்ளை சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்: "அவனுக்கு ஒண்டும் நடக்கேல்லை அக்கா. ரெயின்ஸ்வெப்ட் ஃபிளவரின்ர பேரைக்கூடப் பிறகு ஒருத்தரும் பெரிசாக் கதைக்கேல்லை. செத்தவள் செத்தவள்தான்."

இதற்கு மறுப்பும் வந்தது. அது நல்ல மறுப்பு என்பதால் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். கிளியர் ஸ்கையின் பக்கம் பேசிய பையன், அவன் ஏன் அப்படி ஆனான் என்று பாருங்கள் என்றான். தங்கை ஃபுளட்டரிங் பேர்ட் குட்டியாகவே பசியால் செத்தாள். துணை பிறைட் ஸ்ட்ரீம், வயிற்றில் குட்டிகளோடு, வழியில் கழுகு கொண்டுபோய்விட்டது. இனி என் பூனைகள் ஒருவரும் பசி கிடக்கக் கூடாது என்ற பயம்தான் எல்லையாகிறது, எல்லை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் தள்ளிப் போகிறது. "வேலிச் சண்டை எல்லாம் இப்பிடித்தானே தொடங்கும்" என்றான். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு இதை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டதற்காக இரண்டு தலைமுறை கதைக்காமல் இருக்கும் குடும்பங்களை அவர்களுக்குத் தெரியும்.

அந்தப் பையன் சொன்னது சரி. முன்கதை மிகச் சரியாகச் செய்திருக்கும் வேலையும் அதுதான். ஒரு கொடுமை எங்கிருந்து முளைத்தது என்பதைப் படிப்படியாகக் காட்டியிருக்கிறது. ஆனால் காரணம் விளங்குவதும் கணக்குத் தீருவதும் இரண்டு வேலை. முதலாவதைச் செய்து முடித்த கையோடு இரண்டாவதும் முடிந்துவிட்டது என்று புத்தகம் எடுத்துக்கொள்கிறது. பிள்ளைகள் நின்றது அந்த இடத்தில்தான். முன்கதையில் தொடங்கியவர்களிடம் இரண்டாம் தடவை கதைத்தபோது ஏறக்குறைய எல்லாருமே கிளியர் ஸ்கையின் பெயரைத்தான் சொன்னார்கள். ஒழுங்கில் வாசித்தவர்களும், 'முடிவு தெரிஞ்ச கதை' என்பதைத் தாண்டிக் கேட்டதும், அங்கேதான் வந்து நின்றார்கள்.

செத்துப்போகிற பூனைகள்

பெண் பிள்ளைகள் ஒரு பட்டியல் போட்டார்கள். பிறைட் ஸ்ட்ரீம் சாகிறாள், கிளியர் ஸ்கை கடினமாகிறான். ஸ்டோர்ம் சாகிறாள், தண்டரின் கதை தொடங்குகிறது. டேர்ட்டில் டெய்ல் தன் குட்டிகளைத் தேடிப் போய் வாகனத்தில் அடிபட்டுச் சாகிறாள், கிறே விங்குக்குத் துக்கம் கிடைக்கிறது. ரெயின்ஸ்வெப்ட் ஃபிளவர் சாகிறாள், கிளியர் ஸ்கைக்கு வருத்தம் கிடைக்கிறது. சாவு அவளுக்கு, அதனால் வரும் மாற்றம் அவனுக்கு. "அவையள் எல்லாம் ஆரோ ஒருத்தர் திருந்திறதுக்காகச் செத்தவையோ?" என்று கேட்டாள் ஒருத்தி.

டோல் ஷாடோவும் விண்ட் ரன்னரும் தலைவர்களாக வருகிறார்கள் என்பது உண்மை. விண்ட் ரன்னரை எல்லாருக்கும் பிடித்திருந்தது. அதற்காக இந்தக் கேள்வி இல்லாமல் போகாது. கிளியர் ஸ்கையைப் பற்றிய குறையின் மறுபக்கம்தான் இது என்று நான் பார்க்கிறேன். தீங்கு பட்டவர் கதையை விட்டுப் போய்விட்டால் மன்னிப்பைப் பற்றிக் கேட்க ஆளில்லை. ஆவியாக வந்து ஒன்றுபடுங்கள் என்று சொல்பவரிடம், உனக்கு என்ன வேண்டும் என்று கதையில் ஒருவரும் கேட்பதில்லை.

கிறே விங்கின் காதல்கள் பற்றியும் முணுமுணுப்பு உண்டு. பிறைட் ஸ்ட்ரீமும் ஸ்டோர்மும் அண்ணனைத் தேர்ந்தார்கள், பிறகு டேர்ட்டில் டெய்ல், பிறகு ஸ்லேட். நான் இதில் நேரம் செலவழிக்கவில்லை. கிறே விங் மற்றவர்களின் குட்டிகளை எடுத்து வளர்க்கும் பகுதிகளுக்கு முன்னால் இந்தக் குறை சின்னது. தண்டர், பிறகு டேர்ட்டில் டெய்லின் மூன்று குட்டிகள் என்று அவன் வீடு நிறைந்துகொண்டே போகிறது. பெற்றோர் இல்லாமல் மாமி வீட்டில் வளரும் ஒரு பிள்ளை எங்கள் வட்டத்தில் இருக்கிறது. அந்தப் பகுதிகளைக் குறை சொல்ல அது யாரையும் விடவில்லை.

எல்லாருக்கும் பிடித்த பாதி

முதல் புத்தகம் 'த சன் டிரெய்ல்'. இதைக் குறை சொன்னவர் யாருமே இல்லை. முடிவு தெரிந்தவர்களும் இதை விரும்பி வாசித்தார்கள். ஆகவே முடிவு தெரிவது ஒரு பிரச்சினையே இல்லை என்று இங்கேயே நிரூபணம் ஆகிவிட்டது.

வட்டத்துக்கு இடைக்கிடை வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பிள்ளைகளின் தொல்லைக்காக இந்த ஒரு புத்தகத்தை மட்டும் வாசித்தார். விலங்குக் கதையில் அவருக்கு நாட்டமில்லை. மலையில் யார் போவது, யார் நிற்பது என்று முடிவாகும் இடத்தைப் பற்றி மட்டும் நெடுநேரம் கதைத்தார். 1995 ஒக்ரோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமம் முழுக்க எழும்பி நடந்தபோது அவர் குடும்பத்திலும் அப்படி ஒரு பிரிவு நடந்ததாம். நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாகத் தென்மராட்சிக்குப் போனவர்கள் ஒரு பாதி. வீட்டையும் மாட்டையும் விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்ற கிழவர் மறு பாதி. "இதை எழுதினவைக்கு ஒரு விசயம் விளங்கியிருக்கு. போறவனும் சரி, நிக்கிறவனும் சரி, ரெண்டு பேரும் பிழையில்லை" என்றார்.

அவர் சொன்னதை வைத்துத் திரும்ப வாசித்தேன். கிறே விங் முதலில் நிற்கத்தான் முடிவெடுக்கிறான். தம்பி ஜாகிட் பீக் சொல்லாமல் கொள்ளாமல் போனவர்களின் பின்னால் ஓடியதும், தாய் குவயட் ரெயின்தான் போய்க் கூட்டிவா என்று அவனை அனுப்புகிறாள். போனவன் திரும்பவில்லை. பல புத்தகங்கள் தள்ளி, அந்தத் தாய் கிழவியாகி மலையிறங்கி வருகிறாள். மகன்மார் இங்கே ஒருவரையொருவர் கொல்லப் போரிட்டதை அறிந்து அவள் கோபப்படும் இடம் வருகிறது. முழு வரிசையிலும் கிளியர் ஸ்கையிடம் கணக்குக் கேட்கும் ஒரே குரல் அது என்று எனக்குத் தோன்றுகிறது. நான்காம் புத்தகத்தோடு நிறுத்திய பிள்ளைகள் அதைக் காணவே இல்லை. அந்தக் கோபம் இரண்டு புத்தகம் முந்தி வந்திருக்கலாம்.

ஜாகிட் பீக்கையும் சொல்ல வேண்டும். முறிந்த கால் கடைசிவரை நேராவதில்லை. அற்புத மூலிகை ஒன்றும் வரவில்லை. அந்தக் காலோடு அவன் வேட்டைக்கும் பழகி, துணையும் தேடி, குட்டிகளும் வளர்க்கிறான். துரத்தியவன் தந்த இழப்பு அவன் நடையில் தெரிந்துகொண்டே இருக்கிறது. இங்கே புத்தகம் கணக்கை மறைக்கவில்லை. அதனால்தான் பிள்ளைகள் அவனை நம்பினார்கள்.

வேறு முன்கதைகளோடு வைத்துப் பார்த்தால்

இதே தொடரில் 2009இல் வந்த 'புளூஸ்டார்ஸ் பிரொஃபெசி'யும் ஒரு முன்கதைதான். முதல் வரிசையில் தலைவராக வரும் புளூஸ்டார் எப்படிச் சாவாள் என்று 2004இல் வந்த 'எ டேஞ்சரஸ் பாத்' வாசித்தவருக்குத் தெரியும். அவளுக்கு வேறு குலத்தில் குட்டிகள் இருந்த இரகசியமும் முதல் வரிசையிலேயே வெளிவந்துவிட்டது. அப்படியும் பிள்ளைகள் அதைக் கடைசிப் பக்கம்வரை வாசித்தார்கள். காரணம் எளிது. தகாத ஒருவன் துணைத் தலைவனாகாமல் தடுக்க வேண்டும், அதற்குத் தான் அந்த இடத்துக்கு வர வேண்டும், அதற்காகப் பெற்ற குட்டிகளைத் தகப்பனின் குலத்திடம் விட வேண்டும் என்று அவள் முடிவெடுக்கிறாள். பனியில் கொண்டுபோகும்போது மொஸ்கிற் என்ற குட்டி செத்துப்போகிறது. அந்தச் சாவை வேறொருவர் வந்து சரிக்கட்டுவதில்லை. குலத்தைக் காப்பாற்றினாள், சரி. குட்டி செத்தது செத்ததுதான். இரண்டையும் அவள் சாகும்வரை சுமக்கிறாள்.

பிரையன் ஜேக்ஸின் 'ரெட்வோல்' தொடரில் வேறு விதமான சிக்கல். 1988இல் வந்த 'மொஸ்ஃபிளவர்' நாவலில் வீரன் மார்ட்டின் வருகிறான். பல வருடம் கழித்து வந்த 'மார்ட்டின் த வொரியர்' அவனுடைய இளமைக் கதை. அதில் ரோஸ் என்றொருத்தி, அவளுடைய சாவு. முந்திய புத்தகத்தில் அவன் அவளைப் பற்றி மூச்சுவிடவில்லையே என்று வாசகர் கேட்பார்கள் அல்லவா, அதற்காக அவளுடைய ஊரைப் பற்றி யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவன் உறுதி எடுப்பதாக வருகிறது. ஒட்டுப்போட்ட காரணம்தான். ஆனாலும் ஒரு துக்கத்தை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருப்பவன் என்று முந்திய புத்தகத்தின் மார்ட்டினைத் திரும்பப் பார்க்க வைக்கிறது. ஒட்டு பிழையில்லை.

எனக்கு இந்த ஆய்வில் மிகவும் உதவியது எங்களுடைய சிலப்பதிகாரம். மதுரை எரிந்த பிறகு, கட்டுரைக் காதையில், மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன்னே வரத் துணியாமல் பின்னால் வந்து ஒரு முன்கதை சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற அரச ஊழியனாம். கலிங்கத்தில் சிங்கபுரத்துக்கு வியாபாரத்துக்கு வந்த சங்கமன் என்பவனை ஒற்றன் என்று காட்டிக்கொடுத்துக் கொல்வித்தானாம். சங்கமனின் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து, மலையேறி உயிரை விடும்போது இட்ட சாபம்தான் இப்போது பலித்ததாம்.

இதைக் கேட்டால் பாண்டியனின் குற்றம் குறைந்துவிடாதா? முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்துப் பார்த்து வளர்ந்த ஒரு தாய் எங்கள் வட்டத்துக்கு வந்திருந்தார். அவரிடம் பிள்ளைகள் இதைத்தான் கேட்டார்கள். அவர் சொன்னார்: "அரசன் முதலே செத்திட்டான் பிள்ளை. ஊரும் எரிஞ்சு போச்சு. அதுக்குப் பிறகுதானே தெய்வம் வந்து கதை சொல்லுது."

நான் தேடிக்கொண்டிருந்த விடை அது. இளங்கோ வரிசையைச் சரியாக வைத்திருக்கிறார். பாண்டியன் தானே கள்வன் என்று தன் வாயால் சொல்லி உயிர் விடுகிறான். கண்ணகி தன் நீதியை எடுத்துக்கொள்கிறாள். எல்லாம் முடிந்த பிறகுதான் விளக்கம் வருகிறது. அப்போது அந்த விளக்கம் யாரையும் தப்பவைக்க முடியாது. நீலி என்ற இன்னொரு பெண்ணின் துயரத்தைக் கூட்டிவந்து கண்ணகிக்குப் பக்கத்தில் நிறுத்த மட்டும்தான் முடியும். பூனைத் தொடரில் இந்த வரிசை தலைகீழாகிவிட்டது. விளக்கம் முதலில், மன்னிப்பு அன்று இரவே, தீங்கு பட்டவள் சொல்ல வேண்டியது கடைசிவரை வரவில்லை.

நாங்கள் செய்தது

புத்தகங்களை வெளிவந்த ஒழுங்கில் அடுக்கி, முன்கதையை முதல் வரிசைக்குப் பின்னால் வைத்தோம். 'ஒன்பது உயிர்' இடத்தை ஒரு பிள்ளை முதல் தடவை வாசிக்கும்போது அது ஏன், எப்படி என்று தெரியாமல் வாசிப்பது நல்லது. நிறுத்தியவர்களிடம் ஐந்தாம், ஆறாம் புத்தகங்களை வாசிக்கும்படி நான் வற்புறுத்தவில்லை. குவயட் ரெயின் வருவாள், மகன்மாரிடம் கோபப்படுவாள் என்று மட்டும் சொன்னேன். சிலர் அதற்காகவே திரும்ப எடுத்தார்கள். தீயின் புகையால் கெட்டுப்போன நெஞ்சோடு கிறே விங் கடைசியில் சாகும் இடத்தை அவர்கள் நன்றாக எழுதியிருக்கிறது என்றார்கள். தலைவராகாமலே போனவனுக்கு அந்த மரியாதை கிடைத்தது அவர்களுக்குத் திருப்தி.

பிறகு ஒரு வேலை கொடுத்தேன். போர் முடிந்த இரவில் ரெயின்ஸ்வெப்ட் ஃபிளவரின் ஆவி கிளியர் ஸ்கையிடம் மட்டும் தனியாகக் கதைப்பதாக இருந்தால் என்ன சொல்லியிருக்கும் என்று ஆளுக்கு ஒரு பக்கம் எழுதச் சொன்னேன். திட்டி எழுதியவர்கள் குறைவு. பலர் அவளை ஒன்றைக் கேட்க வைத்திருந்தார்கள். மிஸ்டியின் குட்டிகளிடம் போய், உங்கள் தாயைக் கொன்றது நான்தான் என்று நீயே சொல்லு. தம்பியின் கால் நொந்த இடத்தில் போய் நில். கிளியர் ஸ்கைக்குப் பக்கம் பேசிய பையன் எழுதியதில் அவள் மன்னிக்கிறாள், ஆனால் மூன்று பருவம் கழித்துத்தான். அதுவரை அவன் ஒவ்வொரு முழுநிலவுக்கும் அந்த நான்கு மரத்தடிக்கு வந்து நிற்க வேண்டும்.

ஸ்டார் பிளவர் பற்றிய வாக்குவாதம் மட்டும் தீரவில்லை. வன் ஐயின் மகள் அவள். முதலில் தண்டரோடு பழகி, தகப்பனுக்காக அவனைக் காட்டிக்கொடுத்து, பிறகு தண்டரின் தகப்பன் கிளியர் ஸ்கைக்கே துணையாகிறாள். மகன் விரும்பியவளைத் தகப்பன் எடுப்பதா என்று பெரும்பாலானோருக்கு அருவருப்பு. ஒருத்தி மட்டும், அவளையும் ஒரு கொடுமைக்காரன்தானே வளர்த்தான், கிளியர் ஸ்கைக்கு இரண்டாம் வாய்ப்புத் தரலாம் என்றால் அவளுக்கு ஏன் தரக்கூடாது என்று விடாமல் நிற்கிறாள். வரும் சனிக்கிழமை அவள் தன் பக்கத்தை எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். மற்றவர்கள் ஐந்தாம் புத்தகத்தை மாற்றி மாற்றி வாசித்துக்கொண்டிருக்கிறார்கள், அவளுக்குப் பதில் சொல்ல.